பின்னிருக்கையின் சாட்சி

பாரிஸின் வடக்குப் புறநகரில் கூடும் எங்கள் தமிழ்ச் சபையில் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் இருக்கிறார். சென்ற குளிர்காலத்தில் அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் வாரத்துக்கு இருமுறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்காக அவர் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது. அழைத்துச் செல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய சித்ரோயென் கார். மெத்தையில் அமர்ந்து செல்வதுபோல் ஓடும் என்று பெயரெடுத்த வகை அது. "உங்கள் இடுப்புக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது அம்மா" என்று நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

மூன்றாவது வாரம், வீட்டு வாசலில் இறங்கியபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாஸ்டர், குறை நினையாதேங்கோ. அடுத்த முறை நான் பஸ்ஸிலேயே போறன்."

ஏன் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். வற்புறுத்திக் கேட்டபின், "கார் குலுக்குது. ஒவ்வொரு மேட்டிலயும் உயிர் போய் வருது" என்றார்.

நான் அதை நம்பவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நாள்தோறும் ஓட்டுகிறவன் நான். எனக்குத் தெரியாத குலுக்கல் எங்கிருந்து வந்தது? வலியில் இருப்பவருக்குச் சிறியதும் பெரிதாகத் தோன்றும் என்று எண்ணிக்கொண்டேன். ஆயினும் மனம் உறுத்தவே, மறுநாள் மகனை ஓட்டச் சொல்லிவிட்டு, அந்தத் தாயார் அமர்ந்த இடத்தில் நான் அமர்ந்தேன். தெருவின் குறுக்கே போடப்படும் வேகத்தடையைப் பிரெஞ்சுக்காரர் 'கழுதை முதுகு' என்பார்கள். முதலாவது கழுதை முதுகிலேயே என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. கல்வீதியில் ஏறியபோது முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் எண்ணமுடிந்தது.

"எவ்வளவு காலமாக இப்படி?" என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து மகன் சொன்னான்: "கன காலமா அப்பா. நாங்கள் சொன்னனாங்கள். நீங்கள்தான் கேக்கேல்லை."

காரணத்தைத் தேடத் தொடங்கினேன். டயர்களில் காற்று கூடுதலோ என்று அளந்தேன், சரியாகவே இருந்தது. வண்டியின் உயரத்தை மாற்றும் நெம்புகோலை ஒரு படி உயர்த்தினேன். மேடுகளிலிருந்து தப்பலாம் என்பது என் கணக்கு. ஓட்டம் இன்னும் கடினமாயிற்று. அருகிலிருந்த பணிமனை ஒன்றில், வண்டிக்கு வயதாகிவிட்டது, டயர்களை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். இரண்டை மாற்றினேன். பணம் போயிற்று, குலுக்கல் போகவில்லை.

இறுதியில், இவ்வகை வண்டிகளிலேயே தம் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற பிரெஞ்சு மெக்கானிக் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, வண்டி எழுந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அழுத்தத்தைச் சீராக்கும் பாகம் அவ்வப்போது 'டிக்' என்று ஒலிக்கும். அந்த ஒலி சில நொடிகளுக்கு ஒருமுறை வந்தால் அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் கோளம் பழுது. நீண்ட இடைவெளி விட்டு வந்ததால் அதில் குறையில்லை என்றார். முன்னும் பின்னும் உயரத்தை அளந்தார். பின்சக்கரங்கள் சாயாமல் நேராக நிற்கின்றனவா, அவற்றைத் தாங்கும் கைகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்தார். எல்லாம் சரி. பின்பு முன்பக்கத்தைக் கையால் அழுத்தினார். அது மெதுவாகத் தாழ்ந்து எழுந்தது. "இப்போது பின்பக்கம் போய் உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். மதிற்சுவரில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. என் முழு எடைக்கும் வண்டி அசைந்துகொடுக்கவில்லை.

"பின் கோளங்கள் இரண்டும் செத்துவிட்டன" என்றார்.

அதன் பொருளை அவர் விளக்கியபோதுதான் எனக்கு விளங்கிற்று. இந்த அமைப்பைப் படைத்தவர் பால் மஜெஸ் என்பவர். பொறியியல் பட்டம் பெறாமல் தாமே கற்றுத் தேர்ந்தவர். 1954இல் ஒரு காரின் பின்சக்கரங்களுக்கு மட்டும் பொருத்தப்பட்டது. 1955இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான டி.எஸ். காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. மற்ற வண்டிகளில் இரும்புச் சுருள்வில் இருக்கும் இடத்தில் இதில் ஓர் இரும்புக் கோளம் இருக்கிறது. கோளத்தின் நடுவே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒருபுறம் நைட்ரஜன் வாயு; மறுபுறம் எண்ணெய். சக்கரம் மேட்டில் மோதும்போது எண்ணெய் அந்த அடியைக் கோளத்துக்குள் கொண்டுபோகிறது. அங்கே வாயு அமுங்கி அதை வாங்கிக்கொள்கிறது. எண்ணெயை அமுக்க முடியாது. அதனால் தூக்க முடியும், தாங்க முடியும், விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பது வாயு ஒன்றே.

அந்த வாயு ஆண்டுகள் செல்லச் செல்ல சவ்வின் வழியே கசிந்து போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒழுக்கு இல்லை. தரையில் ஒரு சொட்டும் விழாது. வாயு போன இடத்தை எண்ணெய் நிரப்பிக்கொள்கிறது. அப்புறம் சக்கரம் வாங்கும் அடி அப்படியே உள்ளே இருப்பவர் முதுகில் இறங்குகிறது.

நான் அவரிடம் கேட்டேன்: "காலையில் வண்டி ஒழுங்காக எழுந்து நின்றதே! பிரேக் பிடித்ததே! எச்சரிக்கை விளக்குக்கூட எரியவில்லையே!" அவர் சிரித்தார். எழுந்து நிற்பதற்கு எண்ணெயும் பம்பும் போதும், வாயு தேவையில்லை என்றார். எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும். மென்மை குறைந்ததைச் சொல்ல விளக்கு கிடையாது. அது நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைவதால் ஓட்டுகிறவனுக்குப் பழகிவிடுகிறது. முதலில் அறிகிறவர் பின்னிருக்கையில் இருப்பவர்.

வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. வண்டியைத் தாங்கிகளில் ஏற்றிவைத்து அழுத்தத்தை இறக்கினார். தாங்கி இல்லாமல் அழுத்தத்தை இறக்கினால் வண்டி தரையோடு படிந்து, அடியில் இருப்பவரை நசுக்கிவிடும் என்று எச்சரித்தார். ஜாடி மூடியைத் திருகுவதுபோல் பழைய கோளங்களைக் கழற்றினார். புதிய வளையத்துக்குப் பச்சை எண்ணெய் தடவி, புதிய கோளங்களைக் கையாலேயே இறுக்கினார். நான் சுமந்த குறை இவ்வளவுதான்: இரண்டு கோளங்கள்.

வீடு திரும்பும் வழியில் வண்டி மிதந்தது. என் மனம் மிதக்கவில்லை. ஊழியத்தில் நான் பல ஆண்டுகளைக் கழித்தவன். காலையில் எழுகிறேன், பிரசங்கம் ஆயத்தம் செய்கிறேன், நோயாளிகளைச் சந்திக்கிறேன், ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. எல்லாம் எழுந்து நிற்கின்றன. ஆனால் வீட்டில் யாராவது ஒரு சொல் பேசினால் என்னிடமிருந்து எப்படிப்பட்ட பதில் போகிறது? துக்கத்தோடு தொலைபேசியில் அழைத்த ஒரு சகோதரியிடம், "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றவன் நானல்லவா? களைப்பு என்று நினைத்து இன்னும் வேலை சேர்த்துக்கொண்டேன். நெம்புகோலை ஒரு படி உயர்த்தியவனும் அதே ஆள்தான். என்னிடம் குறைந்தது வேலையல்ல. மற்றவருடைய சொல்லுக்கு அமுங்கிக்கொடுக்கும் இடம் எனக்குள் இல்லாமற் போயிருந்தது. எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. வீட்டாருக்குத் தெரியும்.

அன்றிரவு மகனின் அறைக்குப் போய், "கார் மட்டுமா இப்படி, அப்பாவுமா?" என்று கேட்டேன். அவன் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நடுவில் பேசாமல் முழுவதும் கேட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். அது எளிதாக இருக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தாயாரைக் கெஞ்சித்தான் காரில் ஏற்றினேன். இரண்டு கழுதை முதுகுகளைக் கடந்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது: "பாஸ்டர், இது வேற காரோ?"

அன்பானவர்களே, உங்கள் வீட்டில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் பின்னிருக்கையில் யார் இருக்கிறார்கள்? இந்த வாரம் அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். அவர்கள் தயங்கினால், வற்புறுத்திக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை மறுப்பதற்கு முன், அவர்கள் இடத்தில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள். கேட்கும் செவியையும், கேட்டபின் இளகும் இருதயத்தையும் ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக.