மேனேஜருக்கு ஒரு யூனிட்

பூனைக்கு இனிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. சும்மா சொல்லவில்லை. இனிப்பை உணர நாக்கில் இருக்க வேண்டிய ஒரு ஜீன் பூனை ஜாதிக்கே பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். லட்டையும் செங்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு இரண்டும் ஒன்றுதான். சிங்கம், புலிக்கும் இதே கதி.

ஆனால் சர்க்கரை வியாதி மட்டும் வரும். ஜென்மத்தில் ஒரு ஜிலேபி ருசித்ததில்லை, ஆனாலும் டயாபடீஸ். ஆபீஸ் டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக்கொள்ளும் நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மேனேஜர். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். பகல் பூராவும் தூங்குவான். விழித்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்ப்பான். சாப்பாட்டு வேளையில் மட்டும் சீட்டில் கரெக்டாக இருப்பான். வயது பத்து. குடும்பக் கட்டுப்பாடு ஆனவன். எடை ஆறு கிலோவுக்கு மேல். ஆண், ஆபரேஷன் ஆனவன், நடு வயது தாண்டியவன், தொப்பைக்காரன். இந்த நாலும் சேர்ந்தால் சர்க்கரைக்கு அழைப்பிதழ் அடித்த மாதிரி என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். பூனை சாதாரணமாகத் தண்ணீர்ப் பிரியன் கிடையாது. இவன் பாத்ரூம் பக்கெட் வரை போய்க் குடித்தான். சாப்பாடு இரண்டு மடங்கு, ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. பின்னங்காலைப் பாதம் முழுக்கத் தரையில் பதித்து முயல் மாதிரி நடந்தான். பீரோ மேல் தாவுகிறவன், சோபாவில் ஏறவே இரண்டு தரம் யோசித்தான்.

நோயைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்கள் அப்பா. பால்கனியில் மேனேஜரின் மண் தட்டைச் சுற்றி எறும்பு வரிசை. அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“டேய், இவனுக்கு சுகர்டா.”

“பூனைக்கெல்லாம் சுகர் வருமாப்பா?”

“எறும்பு பொய் சொல்லாது. அந்தக் காலத்து வைத்தியனுக்கு லேபே அதுதான்.”

அப்பா இந்த சப்ஜெக்டில் டாக்டரேட் வாங்காத குறை. பதினாறு வருஷ அனுபவம். மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டில் பத்துக்குக் குறையாமல் மார்க் வாங்குகிறவர். அவருடைய டாக்டர் இரண்டு வருஷமாக, “மாத்திரை போதலை, இன்சுலினுக்கு வாங்க” என்று கெஞ்சுகிறார். அப்பா, “ஊசின்னா கடைசி கட்டம். ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது. எங்க அண்ணன் ஊசி போட்டுக்க ஆரம்பிச்ச ஆறாவது மாசம் போயிட்டார்” என்பார். பெரியப்பா ஊசியால் போகவில்லை, ஊசியைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டதால் போனார். இதை எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. சொன்னால் அன்று இரவு ஃபிரிட்ஜில் மைசூர்பாகு ஒன்று குறையும்.

கால்நடை டாக்டர் இளம் பெண். மேனேஜரின் ரத்தத்தை எடுத்தார். 412. சாதாரணப் பூனைக்கு 80-லிருந்து 120 வரை இருக்கும்.

“இதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது சார். ஆஸ்பத்திரிக்கு வந்த பயத்துலயே பூனைக்கு சுகர் ஏறும்” என்றார். ஃப்ரக்டோசமைன் என்று இன்னொரு டெஸ்ட் எடுத்தார். கடந்த இரண்டு மூன்று வாரத்து நிலவரத்தை அது சொல்லுமாம். நான் பி.காம். எனக்கு உடனே பிடிபட்டது. முதல் டெஸ்ட், இந்த நிமிஷம் கல்லாவில் இருக்கிற கையிருப்பு. இரண்டாவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வருகிற ஆவரேஜ் பேலன்ஸ். இரண்டும் எக்கச்சக்கம். மூத்திரத்திலும் சர்க்கரை. சந்தேகமே இல்லை.

“என் மாத்திரைல பாதி உடைச்சுக் குடுத்தா என்ன?” என்று அப்பா கேட்டார். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“காலைல ஏழு, சாயங்காலம் ஏழு. பன்னிரண்டு மணிக்கொரு தரம் இன்சுலின். ஊசி போடறது பெரிய வித்தை இல்லை, பத்து நிமிஷத்துல கத்துக்கலாம். அந்த நேரத்துக்கு வீட்டுல ஒரு ஆள் இருக்கணும். அதான் கஷ்டம். முடியுமா? யோசிச்சுச் சொல்லுங்க. வைத்தியம் பண்ணலைன்னா ரொம்ப நாள் தாங்க மாட்டான்.”

யோசிக்க வேண்டிய விஷயம்தான் சார். நான் நாலைந்து கம்பெனிக்குக் கணக்கு எழுதி, நடுநடுவே பத்திரிகைக்கும் எழுதிப் பிழைக்கிறவன். மார்ச் மாசம் வந்தால் வீட்டுக்கு வழி மறந்துபோகும். நண்பர்களிடம் சொன்னபோது ஆளுக்கொரு யோசனை. “பூனைக்கு இன்சுலினா! ஃபாரின் ரிட்டர்னா?” என்றான் ஒருவன். “தெருவுல இறங்கினா ஓசியில ஒன்பது பூனை கிடைக்கும்” என்றான் இன்னொருவன்.

முதலாமவனுக்கு ஒரு தகவல். 1921-ல் கனடாவின் டொரோண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது முதலில் அதைப் போட்டுப் பார்த்தது நாய்களுக்கு. லெனார்ட் தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்குப் போட்டது 1922 ஜனவரியில். க்யூவில் நமக்கு முன்னால் நின்றதே நாலு கால் பிராணிதான். இரண்டாமவனுக்கு என்னிடம் பதில் இல்லை. தெருவில் ஒன்பது பூனை உண்டு, வாஸ்தவம். பத்து வருஷமாக என் லெட்ஜர் மேல் படுத்துத் தூங்கியது அதில் எது?

டாக்டர் எழுதிக்கொடுத்தது கிளார்ஜின் என்கிற, மனிதர்களுக்கான இன்சுலின்தான். வேளைக்கு ஒரு யூனிட். சீட்டைக் கொடுக்கும்போதே எச்சரித்திருந்தார். நம் ஊரில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு தினுசு. சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. மருந்துக் கடையில் 100 யூனிட் மருந்தைக் கொடுத்துவிட்டு, அலட்சியமாக சிவப்பு மூடியை எடுத்துப் போட்டார்கள்.

“ஆரஞ்சு மூடி குடுங்க.”

“எல்லாம் ஒண்ணுதான் சார்.”

ஒன்றில்லை. அந்த சிவப்பு மூடியில் ‘ஒன்று’ என்கிற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஆறு கிலோகூட இல்லாத ஜீவனுக்கு இரண்டரை மடங்கு மருந்து! டெபிட்டை கிரெடிட்டில் போட்டால் ஆடிட்டர் திட்டுவதோடு சரி. இங்கே ஆளே போய்விடும். மனிதர்களுக்கும் இதே கணக்குதான். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிற பெரியவர்கள் இருந்தால், பத்திரிகையை மூடிவிட்டு ஒருதரம் மருந்துப் பெட்டியையும் சிரிஞ்ச் மூடியையும் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஊசி போடுவது நிஜமாகவே சுலபம். மேனேஜர் தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும்போது முதுகுப் பக்கத் தளர்ந்த தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அடிவாரத்தில் குத்தி அழுத்த வேண்டும். முடி போல ஊசி. அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டாக்டர் மூன்று சட்டங்கள் போட்டார். சாப்பிடவில்லையென்றால் ஊசி போடாமல் முதலில் போன் பண்ண வேண்டும். மருந்து உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தரம் போடக் கூடாது. ஒரு வேளை குறைந்தால் சமாளிக்கலாம், கூடினால் ஆபத்து. மூன்றாவது, மருந்து ஃபிரிட்ஜ் கதவில் இருக்கலாம், ஃப்ரீஸருக்குப் போகவே கூடாது.

காதில் ரத்தம் எடுப்பதுதான் கலை. சின்னத் துணிமூட்டையில் அரிசியைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்து, காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு. மனித மெஷின் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதனால் ஒரே மெஷினை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள் என்றார் டாக்டர்.

சாப்பாடும் மாறியது. தயிர் சாதம், பிஸ்கட் மாதிரியான உலர் தீவனம் இரண்டுக்கும் தடை. பூனை பிறவி மாமிசபட்சிணி. மாவுச்சத்து குறைந்த, ஈரமான டின் சாப்பாடுதான் இனி. எங்கள் வீடு சைவம். முதல் டின்னைத் திறந்ததும் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னங்க, இது வேணும்னா பால்கனிக்குப் போயிடுங்க. நீங்களும் சேர்த்து” என்றாள். பால்கனி, மேனேஜரின் டைனிங் ஹால் ஆயிற்று.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், சாப்பாடு, சுகர், யூனிட், தண்ணீர், குறிப்பு. ஏழு காலம். வாரம் ஒருநாள், இரண்டு மணிக்கு ஒரு தரம் என்று பகல் பூராவும் காதைக் குத்தி ஒரு கிராஃப். 380, 310, 240, 190, மறுபடி 290. அதிகம் இறங்குவது எப்போது, எவ்வளவு என்று அதில் தெரியும். அதை வைத்துத்தான் டாக்டர் டோஸ் முடிவு செய்வார். கிளையன்ட் போனில், “என்ன சார், பின்னாடி ஏதோ சத்தம்?” என்று கேட்டால், “மேனேஜருக்கு ஊசி போட்டுட்டு வர்றேன்” என்பேன். மறுமுனையில் ஒரு மரியாதையான மௌனம்.

ஏழு மணி அலாரம் அடித்தால் அப்பாவும் பால்கனிக்கு வந்து நிற்பார். சும்மா வேடிக்கைதான். அடுத்த மாசம் ஆடிட் வேலையாகத் திருச்சிக்கு நாலு நாள் போகவேண்டி வந்தது. மனைவிக்கு ஊசி என்றாலே மயக்கம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் போடறேன். இத்தனை நாள் பார்க்கலையா?” என்றார். முதல் நாள் ராத்திரி திருச்சி லாட்ஜுக்கு போன் வந்தது.

“போட்டுட்டேன்டா. ஏண்டா, இந்த ஊசி இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாம்பா.”

“அவன் நக்கறதைக்கூட நிறுத்தலையே.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் சில நேரம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் சொல்வது.

மூன்றாவது மாசம், ஒரு விடிகாலை. அப்பா நாலரைக்கே எழுந்துவிடுகிறவர். என்னை உலுக்கினார். “டேய், எந்திரி. அவனுக்கு லோ ஆயிடுச்சு.”

மேனேஜர் ஹாலில் குடிகாரன் மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கண் எங்கேயோ பார்த்தது. நான் மெஷினைத் தேடுவதற்குள் அப்பா தேன் பாட்டிலோடு வந்து, விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டார். மெஷின் 48 என்றது. டின்னைத் திறந்து வைத்தோம். மோப்பம் பிடித்தான். மெல்ல நக்கினான். கால் மணி நேரத்தில் 71. அரை மணியில் 96. அதுவரை அப்பா அவனை மடியிலிருந்து இறக்கவில்லை.

“எப்படிப்பா தெரிஞ்சது?”

“எனக்கு ரெண்டு தரம் ஆகியிருக்கு. உலகம் தூரமா போற மாதிரி இருக்கும். இவன் மூஞ்சி அப்படி இருந்துது. உங்களுக்கு எதுக்குன்னு சொல்லலை.”

இனிப்பின் ருசியே தெரியாதவனை ஒரு விரல் தேன் மீட்டுக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு அன்று தூக்கிவாரிப்போட்டது பூனை விஷயத்தில் இல்லை. மேனேஜருக்கு ஏழு காலம் போட்ட நோட்டு இருந்தது. பக்கத்து அறையில் பதினாறு வருஷமாக இருக்கிற மனுஷனுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

விடிந்ததும் டாக்டரிடம் ஓடினோம். அவர் பயப்படவில்லை. அந்த வேளை ஊசியை நிறுத்தச் சொல்லி, நோட்டைப் புரட்டினார். பூனைகளில் சிலதுக்கு இப்படி ஆகுமாம். சீக்கிரம் கண்டுபிடித்து, சாப்பாட்டையும் மாற்றி, இன்சுலினை ஒழுங்காகக் கொடுத்தால் களைத்துப்போன கணையம் மறுபடி வேலைக்குத் திரும்பும். அப்போது பழைய டோஸே அதிகமாகிவிடும். அரை யூனிட்டாகக் குறைத்தார். பிறகு அதுவும் நின்றது. “குணமாயிட்டான்னு சொல்லாதீங்க. லீவுல இருக்கு. எப்ப வேணா திரும்பி வரலாம். டின் சாப்பாட்டை மாத்தாதீங்க, வாரம் ஒரு தரம் காதுல பாருங்க” என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா கூடையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பனகல் பார்க் சிக்னலில் வண்டி நின்றது.

“எனக்கு எத்தனை யூனிட்னு சொன்னார் அந்த டாக்டர்?”

“பத்து. ராத்திரி மட்டும்.”

“அவனுக்கு நின்ன மாதிரி எனக்கு நிக்காது, இல்ல?”

“நிக்காதுப்பா. ஆனா கண்ணும் காலும் கிட்னியும் இருக்கும்.”

சிக்னல் விழுந்தது. “சரி” என்றார்.

சாயங்காலம் ஏழு மணி அலாரத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. இப்போது அது அப்பாவுக்கு. டாக்டர் ராத்திரி என்றுதான் சொன்னார், ஏழு பழகிவிட்டது என்று அவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சட்டையைத் தூக்கி வயிற்றில் தானே போட்டுக்கொள்கிறார். நோட்டில் அவருக்கும் ஏழு காலம். குறிப்பு என்கிற காலத்தில் போன செவ்வாய்க்கிழமை அவரே எழுதியிருந்தார்: ‘மைசூர்பாகு, அரை.’

மேனேஜர் எதிரே உட்கார்ந்து, அந்த ஊசியை இமைக்காமல் மேற்பார்வை பார்க்கிறான்.