ஹார்ட் டிஸ்க்கை மாற்ற முதல் இதை வாசியுங்கள்

2022 நெருக்கடியில் லப்டொப் விலை எகிறிய நாள் முதல், பழைய கம்பியூட்டர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்து வருகிறோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள்தான் அதிகம். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் இன்னும் பலர் தேடி வந்தார்கள்.

கொஞ்சக் காலம் போக எல்லோரும் ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள். "டீச்சர், இடமில்லையாம். அப்டேட் ஏறுதில்ல."

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கடையில் புது ஹார்ட் டிஸ்க் போடச் சொன்னார்களாம். அந்த உம்மா காசு புரட்டிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தோம். டிஸ்க்கில் தாராளமாக இடம் இருந்தது. நிரம்பியிருந்தது 'பூட்' என்ற சின்னப் பகுதி மட்டும்தான்.

இயங்குதளத்தின் உயிர்நாடி கேர்னல். பாதுகாப்பு அப்டேட்டோடு அடிக்கடி புதுக் கேர்னல் வரும். பழையது தானாகப் போகாது, பக்கத்திலேயே கிடக்கும். டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டி நிறுவினால் 'பூட்' தனியாகவும் சின்னதாகவும் அமையும். நாலைந்து கேர்னல் சேர்ந்தால் நிரம்பிவிடும். அதோடு பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுவிடும்.

மருந்து இலவசம். அப்டேட் மெனேஜரில் எடிட், பிரிஃபரன்ஸஸ், ஒட்டோமேஷன் என்று போங்கள். பாவனையில் இல்லாத கேர்னல்களை நீக்கும் தெரிவை ஒன் பண்ணிவிடுங்கள். உபுண்டுவில் 'ஆப்ட் ஒட்டோரிமூவ்' கட்டளை இதே வேலையைச் செய்யும். பெடோரா வழமையாகவே மூன்று கேர்னலுக்கு மேல் வைக்காது.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். 'பூட்'டுக்குள் போய்க் கையால் ஃபைல்களை அழிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலை அழித்தால் அடுத்த முறை மெஷின் எழும்பாது. ஒட்டோரிமூவ் அதைத் தொடாது. கைகாவலுக்கு இன்னொன்றையும் விட்டுவைக்கும்.

அந்த இன்னொன்று எதற்கு? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, மறக்க முடியுமா? பட்டரி செத்த லப்டொப்பில் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் புதுக் கேர்னல் அரைகுறையாய் நின்றுவிடலாம். அப்போது ஒன் பண்ணும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். சில மெஷினில் எஸ்கேப். அதில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' போய் முந்திய கேர்னலைத் தெரிவுசெய்தால் மெஷின் எழும்பும். பிள்ளையின் பாடக் குறிப்பும் பத்திரம்.

அந்த மகளின் மெஷினுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. டிஸ்க்குக்குப் புரட்டிய காசை உம்மா டியூஷனுக்குக் கட்டிவிட்டார்.

பழைய மெஷினில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் பக்கமும் இருப்பார்கள். அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.