உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாள்

தமிழ் இலக்கணத்தில் அஃறிணைக்கு ஆண்பாலும் பெண்பாலும் இல்லை. ஒன்றன்பால், பலவின்பால் இரண்டே. ஆனால் எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வாழும் இரண்டங்குல உயிரை வருகிறவர்கள் எல்லோரும் 'அவன்' என்றே சொன்னார்கள். காரணம், அது அடிக்கும்.

மான்டிஸ் இறால். பெயரில் மட்டுமே இறால். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான தனிக் குலம். முன்கைகளைக் கும்பிடுபூச்சிபோல மடித்து வைத்திருப்பதால் இந்தப் பெயர். 450-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சில ஈட்டிபோலக் குத்தும், சில சம்மட்டிபோல அடிக்கும். நம் கடற்கரை இழுவலைகளில் மீனோடு வந்து கழிவாக ஒதுக்கப்படுபவை பெரும்பாலும் குத்துகிற வகை. என்னிடம் இருப்பது அடிக்கிற வகை. அந்த வகையைச் சேர்ந்த மயில் மான்டிஸின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போவதை 2004-இல் ஷீலா பட்டேக் குழுவினர் அளந்து சொன்னார்கள்.

கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பிதான் இதைத் தந்தார். "இந்தப் பயல எடுத்துட்டுப் போங்க மேடம். தொட்டியில ஒரு மீன விட்டு வைக்கல" என்றார். காசு வாங்கவில்லை. லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, 25 முதல் 27 டிகிரி வெப்பம், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, உடைத்துத் தின்ன நத்தைகள். இவை போதும். மீன் நோய்க்குப் போடும் செம்பு கலந்த மருந்து மட்டும் தொட்டிக்குள் போகவே கூடாது. ஓட்டுடலிகளுக்கு அது நஞ்சு. துணைக்கு இன்னோர் உயிரும் கூடாது.

எந்த இனம் என்று அறிய உடலின் நிறத்தை நம்ப முடியாது. ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். எதிரியை மிரட்டும்போது அது இரண்டு கைகளையும் அகல விரிக்கும். அப்போது கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு தெரியும். அதன் நிறம் ஒரு முக்கிய அடையாளம். எங்கள் தொட்டியில் இருப்பதற்கு ஊதாப் பொட்டு. கோனோடாக்டைலஸ் ஸ்மித்தி என்ற இனமாகக் கொண்டேன். கோபத்தில்தான் அதன் பெயர் தெரிகிறது.

பால் அறிவதும் எளிதுதான். ஆணுக்குக் கடைசி ஜோடி நடைகால்களின் அடியில் மெல்லிய குச்சிபோல இரண்டு உறுப்புகள் இருக்கும். ஒருநாள் கண்ணாடியில் வயிற்றை ஒட்டி ஏறியபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. 'பயல்' பெண். அம்மாவிடம் சொன்னேன். "இவ்வளவு அடிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

சில வாரம் கழித்து அது சாப்பிடுவதை நிறுத்தியது. கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. தோலுரிக்கும் காலம். பழைய ஓட்டைக் கழற்றியபின் புது ஓடு கெட்டிப்படும்வரை உடல் மெத்தென்றிருக்கும், சம்மட்டியும் பயன்படாது. செத்துவிட்டதென்று நினைத்துக் குழாயைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யக் கூடாது.

"தூரமா?" என்று கேட்டாள் அம்மா. கல்யாணமான புதிதில் மாதம் மூன்று நாள் கொல்லைப்புறத் திண்ணையில் இருந்தவள் அவள். தட்டும் பாயும் தனி. அங்கே அவளுக்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. எப்போது உள்ளே வரலாம் என்பதைப் பாட்டி சொல்வார். இங்கே கல்லை அடுக்கியதும் இதுதான், எடுக்கப்போவதும் இதுதான்.

ஓடு கெட்டிப்படாத அந்த நாட்களில் எதிரி வாசலுக்கு வந்தால் அது என்ன செய்யும்? கரீபியக் கடலின் ஓர் இனத்தை வைத்து ராய் கால்டுவெல்லும் ரிக் ஸ்டெகரும் 1983-இல் இதை எழுதினார்கள். புதிதாகத் தோலுரித்தது அடிக்க முடியாத நிலையிலும் கைகளை விரித்து மிரட்டுகிறது. பல நேரம் வந்தவன் திரும்பிப் போய்விடுகிறான்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். பெயர், துறை, ஆண்டு எதையும் சொல்ல மாட்டேன். மறைக்கச் சொல்கிறது சட்டம்; சரியாகவே சொல்கிறது. புகார்க் குழுவின் முன் அவள் குரலை உயர்த்திப் பேசினாள். குழுவில் நானும் இருந்தேன். அவள் வெளியே போனதும் ஒருவர் சொன்னார்: "இவ்வளவு திமிராப் பேசுற பொண்ணையா ஒருத்தன் தொட்டிருப்பான்?" நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். மேசைக்குக் கீழே துப்பட்டாவின் நுனியை அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியதை, விரல்நுனி வெளுத்துப்போனதைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். உயர்ந்த குரல் புகாருக்கு எதிரான சாட்சி அல்ல என்று தனியாக எழுதி, அறிக்கையோடு இணைக்கச் செய்தேன். அழுதிருந்தால் 'நடிப்பு' என்றிருப்பார்கள். சத்தமாகப் பேசியதால் 'திமிர்' ஆயிற்று.

மாணவியர் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது 2013 சட்டத்திலும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளிலும் உள்ளது. அதைச் சொல்லியே பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: அந்தக் காலத்துக்குள் வர முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு ஏற்றால், காரணத்தை எழுதி வைத்து, மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். கதவை அடைத்துக்கொண்டு கிடந்த நாட்களும் அப்படிப்பட்ட சூழ்நிலைதான். கேளுங்கள். எழுதிக் கேளுங்கள்.