கொடைக்கானலே ஒரு ஃப்ரிட்ஜ்தானே!

சமையலைப் பற்றி நான் எழுதுவேன் என்று சொன்னால், என்னோடு வேலை பார்த்த ஒருவரும் நம்ப மாட்டார்கள். 36 வருடம் தொலைபேசித் துறையில் காலம் தள்ளியவன். அடுப்படியில் எனக்குத் தெரிந்தது காபி ஒன்றுதான். அதுவும் யாராவது டிகாக்ஷன் இறக்கி வைத்திருந்தால்.

2024 நவம்பர். கொடைக்கானலில் விடாத மழை. கொல்லைப்படியில் பாசி பிடித்திருந்தது. தேய்த்துக் கழுவ வேண்டும் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நான். வழுக்கி விழுந்தது என் மனைவி. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

முதல் மூன்று நாள் அக்கம்பக்கத்தில் சாப்பாடு கொடுத்தார்கள். நாலாம் நாள் எனக்கே கூச்சமாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஏழு ரோடு பக்கம் மருந்து வாங்கப் போனவன், ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பிகளில் கோழிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. அந்தக் குளிரில் அந்த வாசனை! முழுக் கோழி ஒன்று பார்சல் வாங்கினேன். கூடவே குபூஸ், ஒரு சின்ன டப்பாவில் மயோனைஸ்.

இரவு இருவரும் நன்றாகச் சாப்பிட்டோம். நான் பிய்த்துக் கொடுக்க, இடது கையால் எடுத்துச் சாப்பிட்டாள். பாதிக்கு மேல் மீந்தது. “மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க” என்றாள். “வெளிய பத்து டிகிரி, பன்னெண்டு டிகிரி. கொடைக்கானலே ஒரு ஃப்ரிட்ஜ்தானே!” என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொல்லிவிட்டு, ஒரு தட்டைப் போட்டு மூடி மேஜை மேலேயே வைத்தேன். மயோனைஸ் டப்பாவும் பக்கத்திலேயே இருந்தது.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அதைப் பிய்த்துத் தோசைக்கல்லில் லேசாகச் சூடு காட்டினேன். நல்ல சதையெல்லாம் அவளுக்கு, கழுத்தும் இறக்கையும் எனக்கு. மயோனைஸையும் அவள் தட்டிலேயே வைத்தேன். அன்பு காட்டுகிறேனாம்!

அன்று இரவு அவளுக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு. கட்டுப் போட்ட கையோடு ஒவ்வொரு தடவையும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். விடியற்காலை உதடு வறண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பதற்றமில்லாமல் கேட்டார். “எப்ப வாங்கினீங்க, சார்?”

“ராத்திரி ஏழு மணி.”

“எப்ப சாப்பிட்டாங்க?”

“மறுநாள் ஒரு மணிக்கு.”

“நடுவுல எங்க இருந்துச்சு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். 18 மணி நேரம். கடைக்காரரைக் குறை சொல்ல வழியே இல்லை. இரவு அதே கோழியைச் சுடச்சுடச் சாப்பிட்டபோது இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சமைத்த கறியில் கிருமி வளர ஏற்ற சூடு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. வெளியில் பத்து டிகிரி என்றால் நமக்குத்தான் குளிர், கிருமிக்கு இல்லை. அடுப்பு எரியும் அறைக்குள் அதைவிட வெதுவெதுப்பு. வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் மீதியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுபடி எடுத்தால் உள்வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். ஆனால் வெளியிலேயே கிடந்த கறியைச் சூடாக்கியும் பயனில்லை. சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் இன்னும் ஆபத்து. (அடுத்த வருடம், 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்கு அந்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு தடையே போட்டது. பேப்பரில் படித்தபோது அந்தச் சின்ன டப்பாதான் ஞாபகம் வந்தது.)

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பத்து நாள் இட்லி, ரசம், கஞ்சி என்று ஓட்டினேன். அந்தக் கடை இருக்கும் பக்கமே போகாமல் சுற்றி வந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளே சொன்னாள்: “வாய் செத்துப்போச்சுங்க. அந்தக் கோழிய வாங்கிட்டு வாங்க. இந்தத் தடவ நான் சொல்ற மாதிரி செய்யுங்க.”

அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கோழி சூடாக இருக்கும்போதே சதை வேறு, தோல் வேறு, எலும்பு வேறாகப் பிரிக்கச் சொன்னாள். அன்று இரவுக்கு வேண்டியது போக மீதிச் சதை, தோல், எலும்பு மூன்றும் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குப் போயின. மயோனைஸ் கடையிலேயே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

மறுநாள் காலை தோலை எடுத்துத் தூக்கிப்போடப் போனேன். “அதுலதாங்க மசாலா பூரா இருக்கு!” என்று ஒரு அதட்டல். வாணலியில் எண்ணெய் விடாமல் தோலை வதக்கினால் அதிலிருந்தே நெய் மாதிரி இறங்குகிறது. அதில் சின்ன வெங்காயம், பூம்பாறை மலைப்பூண்டு, தாண்டிக்குடி மிளகு. (நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பது தெரியும்தானே? காரமும் மணமும் தனி.) கடைசியில் சதையைப் போட்டு, நன்றாகச் சூடேறியதும் இறக்கிவிட வேண்டும். ஏற்கனவே வெந்த கறி. ரொம்ப நேரம் கிடந்தால் நாராகிவிடும். “உப்புப் போடாதீங்க, கடைக்காரர் போட்டுட்டார். கடைசில ருசி பாத்துக்கலாம்.” அதைச் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன்.

அன்று இரவு எலும்பு சூப். எலும்போடு ஒரு சௌசௌ, இரண்டு கேரட், ஏழெட்டுப் பூண்டு, இஞ்சி, மிளகு. பாத்திரத்தில் வைத்துக் கொதிக்கவிடப் போனேன். குக்கரைக் காட்டினாள். இங்கே குடியேறிய புதிதில் பருப்பு வேகாமல் அவள் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிற மாதிரி தெரியும், ஆனால் சூடு போதாது. குக்கரிலும் வத்தலக்குண்டில் நாலு விசில் என்றால் இங்கே ஆறு. இத்தனை வருடம் அந்த விசிலைக் கேட்டிருக்கிறேனே தவிர, ஏன் ஆறு என்று கேட்டதில்லை.

சூப்பை வடிகட்டி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். எனக்குக் கை நடுங்கியது. மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? “நான் முதல்ல குடிச்சுப் பாக்குறேன், நீ ஒரு மணி நேரம் பொறு” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “ராஜாவுக்கு விஷம் பாக்குற ஆளா நீங்க? குடுங்க இங்க.” இடது கையால் வாங்கி முழுசாகக் குடித்தாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

கட்டுப் பிரித்தாயிற்று. அடுப்படி மறுபடி அவள் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் மாதம் இரண்டு சனிக்கிழமை என் பொறுப்பு. ஒரு கோழி, இருவருக்கும் மூன்று வேளை. கடையில் சுட்டதை வாங்கி வந்து சமைத்தேன் என்று சொல்லலாமா என்று மகன் பெங்களூரிலிருந்து கேலி செய்கிறான். சொல்லலாம், தம்பி. சுடுவது மட்டும்தான் கடைக்காரர் வேலை. அதற்கப்புறம் அதைப் பத்திரமாக ஒருத்தர் தட்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டில் இருக்கிறவன் வேலை. அந்த வேலையை அவள் தினம் செய்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் தெரியவில்லை.

எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு புகார் வந்ததும் முதலில் நேரத்தைக் குறிப்போம். இப்போது கோழியை வாங்கியதும் பார்சல் மேலேயே பால்பாயின்ட் பேனாவால் நேரத்தை எழுதிவிடுகிறேன். வீட்டுக்குள் நுழையும்போது அவள் வாசனை பிடித்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான்: “மணி என்ன எழுதியிருக்கு?”