அம்பாசிடருக்கு அடியில் ஒரு தாள்

8-6-2025, ஞாயிறு, மண்டபம்

ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்த தினத்தாளைக் காலையில் இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, பக்கத்தில் இரண்டு சின்னப் பொட்டு. அப்பா வாங்கிய மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். இந்த வருஷம் மட்டும் ராமநாதபுரத்தில் இரண்டு தடவை மேல் கவர் பேக்கிங் மாற்றியாயிற்று. இன்னமும் வாரத்துக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது.

9-6, திங்கள்

மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிகிறது. ஏப்ரல் 15 முதல் கரையில் கிடக்கும் விசைப்படகுகளுக்கெல்லாம் இப்போதுதான் அவசரம். "ரெண்டு போட்டு எஞ்சின் பிரிச்சுக் கிடக்குண்ணே. வியாழக்கிழமை வர்றேன். அதுக்குள்ள நல்லா கழுவி வைங்க. அழுக்கோட பார்த்தா எங்க ஒழுகுதுன்னு சாமிக்கே தெரியாது."

11-6, புதன்

மண்ணெண்ணெயும் பிரஷுமாக இரண்டு மணி நேரம். கச்சான் காற்று கொண்டுவந்த மணலும் ஆயிலும் சேர்ந்து அடையடையாக உரிந்தது. காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். மேல் கவரைச் சுற்றி வெள்ளை கலையவே இல்லை. பக்கவாட்டுத் தகட்டு மூடியின் கீழ் விளிம்பில்தான் பவுடர் கறுத்து ஒரு கோடு இறங்கியது. ஒழுகாத இடத்துக்கு இரண்டு தடவை பேக்கிங் மாற்றியிருக்கிறோம்!

12-6, வியாழன்

தம்பி வந்ததும் பேக்கிங் பக்கம் போகவில்லை. ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து என் உள்ளங்கையை அதன்மேல் வைக்கச் சொன்னார். குப்குப்பென்று காற்று தள்ளியது. பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி அடைப்பு. பிஸ்டன் ஓரமாகக் கசிந்து இறங்கும் புகைக்கு வெளியேற வழி இல்லை. கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைப் பிதுக்கியிருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. திருகு மரை மாதிரி ஒரு வெட்டுதான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்புகிறது. உள் அழுத்தம் ஏறினால் அதனாலும் தடுக்க முடியாது.

13-6, வெள்ளி

பக்கவாட்டு மூடிகளின் நடு போல்ட்டை இறுக்கி இறுக்கித் தகடே வளைந்திருந்தது. அம்மிக்கல்லில் வைத்து மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். உத்தர்பாரா தொழிற்சாலை 2014-இல் நின்றதிலிருந்து சாமான் கிடைப்பது பாடு. கார்க் ஷீட் வாங்கி, பழைய பேக்கிங்கை அளவு வைத்து வெட்டினோம்.

15-6, ஞாயிறு

பாம்பன் பாலம் தாண்டி அரிச்சல்முனை வரை போய் வந்தேன். இத்தனை நாள் அங்கே இந்த வண்டியைக் கொண்டுபோக மனசு வரவில்லை. மன்னார் வளைகுடாவின் கரையில் ஆயில் சொட்டவிடுவது பாவம். இன்றும் தார்ச்சாலையிலேயே, அடியில் தட்டு வைத்துத்தான் நிறுத்தினேன்.

16-6, திங்கள்

தாளில் மிளகளவு ஒரே சொட்டு, கிளட்ச் ஹவுசிங் அடியிலிருந்து. அது இந்த எஞ்சினின் பிறவிக்குணம், அதற்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டார். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டிலேயே நிற்கிறது.