இருமத் தெரியாத இயந்திரம்

2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் சிறு கடிதம் ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் அமெரிக்காவின் போர்ட்லாந்து அரசுப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள். மின் சிகரெட் ஒன்றிலிருந்து, ஓர் இழுப்புக்கு 50 மில்லிலிட்டர் வீதம், 3 முதல் 4 விநாடிகள் வரை ஆவியை இழுத்துச் சேகரித்து, அதை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் ஆராய்ந்திருந்தனர். 3.3 வோல்ட்டில், ஃபார்மால்டிஹைடை விடுவிக்கக்கூடிய சேர்மங்கள் எவையும் தென்படவில்லை. 5 வோல்ட்டிலோ 10 இழுப்புகளுக்குச் சராசரியாக 380 மைக்ரோகிராம் இருந்தது. இதை நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர் திரவம் என்று பெருக்கிப் பார்த்து, ஃபார்மால்டிஹைடால் வரும் புற்றுநோய் அபாயம் நெடுநாள் புகைப்பவருக்கு உள்ளதைவிட 5 மடங்கு, ஒருவேளை 15 மடங்குகூட இருக்கலாம் என்று அக்கடிதம் கணித்தது. மறுநாள் நாளிதழ்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அவ்வரியைக் கருத்தரங்குகளில் எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. 5 வோல்ட்டில் அக்கருவி இயங்கியபோது அதன் திரி நனைந்திருந்ததா?

இக்கேள்வியின் எடையை உணர, ஆவியாக்கியைக் கையால் பிரித்துக் கட்டுபவரின் மேசைக்குச் செல்ல வேண்டும். வாங்கிப் பயன்படுத்தி எறியும் வகையில் கம்பியும் பஞ்சும் உள்ளே பூட்டிக் கிடக்கும். எது பழுது என்று எவருக்கும் தெரியாது. பிரித்துக் கட்டும் டேங்கில் எல்லாம் கண்முன் இருக்கிறது. சிறிய எஃகுத் தளம், அதன்மேல் இரு திருகுத் தூண்கள், அவற்றுக்கிடையே 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் உட்துளையுடன் சுற்றிய கம்பிச்சுருள். கம்பி பெரும்பாலும் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கான்தல். சுவீடனில் ஹன்ஸ் வான் கான்ட்சோவ் என்பவரின் பெயரையும் ஹால்ஸ்டாஹம்மார் என்ற ஊரின் பெயரையும் ஒட்டவைத்து உண்டான வணிகப்பெயர் அது. அடிபிடித்த சோற்றைக் காந்தல் என்னும் தமிழ்க் காதுக்கு அது வேறொன்றை நினைவூட்டுவது தற்செயலே. சுருளின் ஊடே பஞ்சுத்திரி செல்லும். அதன் இரு வால்களும் தளத்தின் ஓரக் கால்வாய்களில் இறங்கித் திரவத்தைத் தொட்டிருக்கும்.

இந்தச் சிறு கலத்தில் இரண்டு ஓட்டங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, திரி வழியே ஏறும் திரவம். மற்றது, சுருளைத் தழுவிச் செல்லும் காற்று.

திரவத்தின் கணக்கை லூகாஸ் 1918இலும் வாஷ்பர்ன் 1921இலும் எழுதிவிட்டார்கள். நுண்துளையில் திரவம் ஊடுருவும் தொலைவு, காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். பாகுத்தன்மை கூடினால் குறையும். அறை வெப்பநிலையில் கிளிசரினின் பாகுத்தன்மை புரொப்பிலீன் கிளைக்காலைப் போல இருபது மடங்குக்கும் மேல். கொதிநிலைகளும் விலகி நிற்கின்றன: கிளைக்காலுக்கு 188 பாகை செல்சியசு, கிளிசரினுக்கு 290. கிளிசரின் மிகுந்த கலவையை ஊற்றி, அடுத்தடுத்து நீண்ட இழுப்புகள் இழுத்தால், மேலே ஆவியாகும் வேகத்துக்குக் கீழிருந்து வரும் திரவம் ஈடுகொடுக்காது. பஞ்சை நெருக்கித் திணித்தால் துளைகள் இறுகி வழி அடைபடும். மிகவும் குறைத்தால் திரவம் வெள்ளமாய்ப் புகுந்து தளம் குமிழியிடும், காற்றுத்துளை வழியே ஒழுகும். சுருளுக்குள் பஞ்சு சற்றே தடுத்தபடி நகர வேண்டும், ஆனால் சுருளைத் தன்னோடு இழுத்துவிடக் கூடாது. கைப்பழக்கத்தால் வரும் அளவு இது. கிராமில் எழுதி முடியாது.

பஞ்சின் மீது சுமத்தப்படும் பழிகளில் பாதி உண்மையில் காற்றினுடையது. டேங்கின் மேற்புறம் இறுக மூடியது. திரவம் வெளியேற வெளியேற உள்ளே அழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்பக் கால்வாய் வழியே ஒரு காற்றுக்குமிழி மேலே போயாக வேண்டும். திரியின் வால் கால்வாயை முழுதும் அடைத்திருந்தால் குமிழி போகாது, திரவமும் இறங்காது. பஞ்சு நல்ல பஞ்சாயிருந்தும் வறளும். மூடியைத் திறந்து மூடியபின் சில இழுப்புகள் சரியாக வந்து, பிறகு மீண்டும் வறண்டால் குற்றம் அழுத்தத்தில். திறந்த பின்னும் வறட்சி மாறாவிட்டால் பஞ்சில். மாறாக, மேல்மூடியின் ரப்பர் வளையம் நைந்து காற்று புகுந்தால், தடுப்பதற்கு எதுவுமின்றி எல்லாம் கீழே வந்துவிடும்.

காற்றுத்துளை இன்னும் தந்திரமானது. அதைச் சுருக்கினால் உறிஞ்சும் விசை கூடித் திரவம் அதிகம் இழுபடும். அதே வேளையில் சுருளைக் குளிர்விக்கும் காற்று குறையும். அகலத் திறந்தால் இரண்டும் தலைகீழாகும். ஆகவே ஒரே வளையத்தை ஒரே திசையில் திருப்பி ஒருவர் ஒழுகலை நிறுத்தலாம். திறன் கூடுதலாக வைத்திருக்கும் இன்னொருவர் வறட்சியை வரவழைத்துக்கொள்ளலாம். சுருள் துளைக்கு நேர்மேலே இல்லாமல் ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் காயும். பிரித்துப் பார்க்கையில் பஞ்சின் அந்தப் பக்கத்தில் மட்டும் பழுப்புக் கறை.

இத்தனை மாறிகளுக்கும் மேசையில் இருக்கும் அளவுகருவி நாக்கு ஒன்றுதான். அகல்விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை எண்ணெய்தான் எரியும். வற்றினால் திரியே கருகும். அந்தக் கருகல் தொண்டையில் பட்டதும் மனிதர் இருமுவார், கருவியைக் கீழே வைப்பார், மூடியைத் திறந்து பார்ப்பார். உலர் இழுப்பு என்று பயனர்கள் இதைச் சொல்வார்கள். ஆய்வகத்தின் இழுப்பு இயந்திரமோ இருமுவதில்லை. நிரலில் எழுதிய கடைசி இழுப்புவரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஏதென்சைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோசின் குழு இந்த இடத்தைத்தான் பிடித்தது. அடிக்‌ஷன் ஆய்விதழில் 2015இல் வெளியான அவர்களின் கட்டுரையில், மாற்றியமைக்கத்தக்க ஓர் ஆவியாக்கி இரண்டு விதமாகக் கட்டப்பட்டிருந்தது: ஒன்றில் ஒற்றைத்திரி, மற்றதில் இரட்டை. பழகிய பயனர்கள் 6.5, 7.5, 9, 10 வாட் அளவுகளில் 4 விநாடி இழுத்துப் பார்த்தனர். ஒற்றைத்திரியில் 9, 10 வாட்டில் அனைவரும் கருகலை உணர்ந்தனர். இரட்டைத்திரியில் எந்த அளவிலும் ஒருவரும் உணரவில்லை. பிறகு ஆவி அளக்கப்பட்டது. இரட்டைத்திரியில் 10 இழுப்புக்கு ஃபார்மால்டிஹைடு அதிகபட்சம் 11.3 மைக்ரோகிராம். ஒற்றைத்திரியில் 7.5 வாட் வரை 3.7ஐத் தாண்டவில்லை. கருகல் நிலையில் 344.6.

அதாவது 10 வாட் என்ற அதே திறனில், கூடுதலாக ஒரு திரி மட்டும் இருந்ததால் விளைவு முப்பதில் ஒரு பங்காகிவிட்டது. வோல்ட்டை மட்டும் சொல்லும் கட்டுரை, கம்பியின் மின்தடையைச் சொல்லாதவரை திறனைக்கூடச் சொல்லவில்லை. திறனைச் சொன்னாலும் திரியையும் காற்றுத்துளையையும் சொல்லாதவரை வெப்பநிலையைச் சொல்லவில்லை. ஆய்வுமுறைப் பகுதியில் இரண்டு வாக்கியங்களில் அடங்கக்கூடியவை இவை. 2017இல் அதே குழு போர்ட்லாந்து ஆய்வில் பயன்பட்ட கருவியையே எடுத்து 26 பயனர்களிடம் கொடுத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் 5 வோல்ட்டை எட்டுமுன்பே கருகலை உணர்ந்துவிட்டனர்.

இதனால் போர்ட்லாந்துக் குழுவின் வேதியியல் பொய்யாகிவிடவில்லை. அவர்கள் கண்ட சேர்மங்கள் அங்கே இருந்தன. தவறு இருந்தது பெருக்கலில். ஒருவர் முகம் சுளித்து நிறுத்திவிடும் நிலையை அவர் நாள் முழுவதும், ஆண்டுக்கணக்கில் தொடர்வதாகக் கொண்டதில். கருவிக்கும் நற்சான்று கிடைத்துவிடவில்லை: நிக்கோட்டின் நிக்கோட்டின்தான், இனிப்புச் சுவையூட்டிகள் வேறு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்து, முதற்குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தடையை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் 15 மடங்கு என்ற எண் வசதியான ஆயுதம். இருவருமே அதன் திரியைப் பார்ப்பதில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது. நாக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. இலேசான கருகலுக்குப் பழகிப்போனவர்களும், கருகலை மறைக்கும் அளவு சுவையூட்டி சேர்ப்பவர்களும் இருக்கக்கூடும். ஏதென்சு ஆய்வின் ஒற்றைத்திரி 7.5 வாட்டில் சுத்தமாக இருந்தது, 9 வாட்டில் தாங்க முடியாததாக இருந்தது. இடைப்பட்ட ஒன்றரை வாட்டில் எதுவும் அளக்கப்படவில்லை. அங்கே முதலில் உயர்வது ஃபார்மால்டிஹைடா, முதலில் விழித்துக்கொள்வது நாக்கா என்பதற்கு அந்த அட்டவணையில் விடை இல்லை.