கழுத்தளவு தண்ணீரில் வாடிய கீரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மொட்டை மாடிக்குத்தான் போவேன். சித்திரை மாதம் ஒரு நாள், காலையில் விறைப்பாக நின்ற லெட்டூஸ் மதியத்துக்குள் துவண்டு கிடந்தது. மண்ணில்லாமல் குழாய்களில் வளர்க்கிற செடி; வேர் இருப்பதோ தண்ணீரில். பசி போலிருக்கிறது என்று ஊட்டக் கரைசலை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் என் மடத்தனம் புரிந்தது. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய வேர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. தொட்டால் தோல் உருவிக்கொண்டு வர, நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. குட்டை நாற்றம் வேறு.

வேரழுகல். பித்தியம் என்ற நுண்ணுயிரியின் வேலை. பூஞ்சை மாதிரி இருந்தாலும் பூஞ்சை இல்லை. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை வாரிக்கொண்டு போனதும் இதற்குப் பங்காளிதான். இதன் வித்துகளுக்கு வால் உண்டு, நீந்தும். மண்ணில் அடுத்த செடிக்குப் போக அது பாடுபட வேண்டும். என் வீட்டில் நானே மோட்டார் போட்டுக் குழாய் குழாயாக அனுப்பி வைத்திருந்தேன்.

பித்தியத்தை மட்டும் குறை சொல்லி என்ன? 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்கு மூச்சும் கூடுதலாக வேண்டும். ரோலிங் மில்லில் கூலிங் டவர் தண்ணீரின் சூட்டை மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுகிறவன் நான். வீட்டுத் தொட்டியில் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று வைத்தேன். குளிக்கலாம் போலிருந்தது.

"நெல்லு மாசக்கணக்கா தண்ணியில நிக்குது, அழுகுதா?" என்றாள் அம்மா. பொன்னேரிப் பக்கம் நாற்று நட்டு வளர்ந்தவள். நெல்லின் வேருக்குள் காற்றுக் குழல் உண்டு, லெட்டூஸுக்கு அந்த அளவுக்கு இல்லை என்றேன். "அதுக்குமே காய்ச்சலும் பாய்ச்சலுமா விட்டாதான்டா வேர் பிடிக்கும்" என்றாள்.

குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பாதியாக இறக்கியது அதற்குப் பிறகுதான். மேல் வேர் காற்றில் தொங்கட்டும். அழுகிய செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். குழாய்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, அலசி, வெயிலில் போட்டேன். தொட்டிக்கு வெள்ளைப் பெயின்ட், ஈரச் சாக்கு, மீன் தொட்டிக் காற்று மோட்டார். கிருமியைக் கொல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிய அன்றே, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவையும் கலந்தேன். முன்னது பின்னதைக் கொன்றுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

லெட்டூஸ் இனி மார்கழிக்குத்தான். இப்போது புதினா. தொட்டியைக் குளிர வைக்க ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுகிறேன். பழவேற்காட்டு இறால் வாங்கினால் ஃப்ரீசரில் வைக்க இடமில்லை என்று வீட்டில் தினமும் சண்டை.